பச்சை: மூன்றாவது சீட்டு

மார்ச் 4

பச்சை இன்றும் முடியவில்லை. நாவல்களிலிருந்து வாக்கியம் பொறுக்கிச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவதுதான் இந்த அகராதி அலுவலகத்தில் என் பிழைப்பு. நிறமாக வருவது பாதிகூட இல்லை. பச்சைத் தண்ணீர், பச்சைத் துரோகம். ஒருவன் பச்சையாகத் திட்டுகிறான். ஒருத்தி பச்சைப் பிள்ளையை மரத்தடியில் கிடத்திவிட்டுக் கல் சுமக்கிறாள்.

ஒரு பொருள் அகராதியில் ஏற மூன்று நூல்களிலிருந்து மூன்று சீட்டு வேண்டும். ‘பச்சை உடம்பு’ - பிள்ளை பெற்று நாளாகாத உடம்பு - இன்று மூன்றாவது கிடைத்தது. “பச்சை உடம்போடு குடம் தூக்குகிறாளே, கேட்க நாதியில்லையா?”

அகராதி ஆசிரியரிடம் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல்.

“பொம்பளைங்க பேச்சுப்பா இது. அகராதிக்கு எதுக்கு?”

“விதி இருக்கே சார்.”

“மூணு இருந்தா ஏத்து.” முகம் சரியில்லை.

மார்ச் 9

பெட்டியில் இரண்டுதான் இருக்கிறது! நூலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, பக்க எண் சீட்டில்தான் இருந்தது. நூலகத்தில் கேட்டால் வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம்.

பெட்டி இருப்பது தட்டச்சு அக்கா மேசையில். பிள்ளை பெற்ற இருபத்தைந்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். வராவிட்டால் வேறு ஆள் என்று கத்தரிக்கோல் சொல்லியிருந்தார். பயந்தவளைத்தானே சீட்டை எடுத்துவிடச் சொல்லி ஏவ முடியும்?

மார்ச் 11

பதினொரு மணி, இரண்டு மணி, நாலரை. பையோடு சாமான் அறைக்குள் போகிறாள், தாழ்ப்பாள் போடுகிறாள். பத்து நிமிடம். வரும்போது பையை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள்.

“என்னக்கா, உள்ள புதையல் எதும் இருக்கா?”

“நீ உன் பச்சையைப் பாருப்பா.” சிரிக்கவில்லை.

மார்ச் 12

என்னைக் கண்டதும் பையை மேசைக்கு அடியில் தள்ளுகிறாள்.

மார்ச் 13

எல்லார் முன்னாலும் கேட்டேன், கத்தரிக்கோலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. “சீட்டு எங்க போகுதுன்னு அக்கா பையைத் திறந்தா தெரியும் சார்.” இருவரும் கூட்டு, அவர் மழுப்புவார் என்றுதான் நினைத்தேன்.

“திறம்மா” என்றார்.

ஈரத் துண்டில் சுற்றிய ஒரு பாட்டில். பாதி பால்.

“கட்டிக்குது சார். பிழிஞ்சு எடுக்கலேன்னா காய்ச்சல் வருது.” தரையைப் பார்த்தே சொன்னாள்.

“வேலை நேரத்துல? தினம் மூணு தடவை?”

நான் என்ன செய்தேன்? குனிந்து கையிலிருந்த சீட்டுகளை அடுக்கினேன். ஊர் அநியாயத்துக்கெல்லாம் கத்துற ஆள்.

மார்ச் 16

அக்கா வரவில்லை. “நிறுத்தியாச்சு. நீ சொன்னதாலதான் தெரிஞ்சுது” என்று கத்தரிக்கோல் என் தோளைத் தட்டினார். தட்டின இடத்தை இன்னும் கழுவணும் போல இருக்கு.

மார்ச் 20

அந்த நாவல் நூலகத்துக்குத் திரும்பிவிட்டது. விரித்தேன். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் என் சீட்டு. படித்த இடம் மறக்காமலிருக்க நானே செருகியது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் கதவைப் பாதி திறந்து, “தூங்குறா” என்றார். உள்ளே அவள் குழந்தையைக் கொஞ்சுவது கேட்டது. சரி என்று வந்துவிட்டேன்.

மார்ச் 21

இத்தனை நாவல் படிக்கிறேன். அந்தச் சொல் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்திருக்கிறது.

மார்ச் 23

மூன்றாவது சீட்டைப் பெட்டியில் போட்டேன். கத்தரிக்கோல் எண்ணிப் பார்த்தார். “மூணு இருக்கே, ஏத்திடு.” சீட்டு எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். “விடுப்பா, கிடைச்சுதுல்ல” என்றார்.

தட்டச்சுக்கு இன்னும் ஆளில்லை. நானே அடித்தேன். பதினொரு மணிக்குக் காகிதம் எடுக்கச் சாமான் அறைக்குப் போனேன். நாற்காலி சுவரைப் பார்த்துக் கிடந்தது. அதன் முதுகில் ஒரு சின்னத் துண்டு, காய்ந்து விறைத்துப்போய்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.