கார்ப்பரேட்டருக்குள் இராகு காலம்

என் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் மாடசாமி எழுதுகிறேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை, நானேதான் எழுதுகிறேன். திருத்தங்கலில் நம் பட்டறைக்குப் பின்தெருவில் முதியோர் கல்வி வகுப்பு நடக்கிறது. எட்டு மாதமாகப் போகிறேன். இப்போது பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று யாரையும் கேட்பதில்லை. இந்தக் கடிதத்துக்கு மட்டும் நாலு நாள் ஆகிவிட்டது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பட்டறையை உங்கள் மகள் முத்துலட்சுமிதான் நடத்துகிறாள். விருதுநகர் ரோட்டில் கோ-கார்ட் மைதானம் ஒன்று வந்திருக்கிறது, அத்தான். முழங்கால் உயரத்தில் நாலு சக்கர வண்டி. ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பெட்ரோல் எஞ்சின். பார்த்திருந்தால் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருப்பீர்கள்.

அதில் ஒன்று நம்மிடம் வந்தது. நாலு சுற்று ஓடும், விக்கும், நின்றுவிடும். கார்ப்பரேட்டரை எஞ்சினோடு பிடிக்கிற இரண்டு ஸ்க்ரூவும் தளர்ந்து, இடுக்கு வழியே காற்று புகுந்துவிடுகிறது. முத்துலட்சுமி மூன்று தடவை பிரித்து மாட்டினாள். மூன்று தடவையும் அதே கதை.

மைதானத்துக்காரர் வந்து, “ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடலைன்னா மதுரை ஆளக் கூப்பிட்டுக்கிறேம்மா. பெறகு எல்லா வண்டியும் அவருகிட்டதான் போகும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் கொண்டுவந்த சோறு அப்படியே இருந்தது.

“மாமா, நீங்க ஒருக்க முறுக்கிப் பாருங்க.”

நான் தயங்கினேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வெம்பக்கோட்டைக்காரர் பம்புசெட்டு இதே கோளாறோடு மூன்று முறை திரும்பி வந்தபோது, அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? “ஏலே மாடசாமி, ஒன் கையில பெலன் இல்லலே. போயி பார்ட்ஸக் களுவு.” அன்றிலிருந்து பதினோரு வருஷம் கழுவிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் ஒரு சந்தேகம் மண்டையைக் குடைந்தது. இந்த ஸ்க்ரூ திரும்பித் தளர்கிறதா, திரும்பாமலே தளர்கிறதா? முத்துலட்சுமியிடம் நகப் பாலிஷ் கேட்டேன்.

“எதுக்கு மாமா, பொண்ணு பாக்கப் போறீகளா?”

“கொண்டா தாயி, சொல்லுதேன்.”

ஸ்க்ரூவை இறுக்கி, அதன் தலையிலிருந்து கார்ப்பரேட்டர் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். வண்டியை ஓட்டிப் பார்த்தோம். நாலு சுற்றில் நின்றது. தொட்டால் ஸ்க்ரூ லூசு. கோடு மட்டும் போட்ட இடத்திலேயே இருந்தது! ஸ்க்ரூ ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை. அப்படியென்றால் தளர்ந்தது எது?

கழற்றினேன். எஞ்சினுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில், காற்றுப் புகாமல் அடைக்கிற உங்கள் பேக்கிங். மதுரையில் வாங்கிய ஸ்பெஷல் என்று சொல்லி, வெட்டி வெட்டி டப்பாவில் சேர்த்து வைத்தீர்களே, அதிலிருந்து முத்துலட்சுமி எடுத்து மாட்டியது. பெட்ரோலில் ஊறி, சூட்டில் அமுங்கி, பாதியாகிக் கிடந்தது. நகத்தால் நெம்பியதும் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே எழுத்து! எழுத்துக் கூட்டினேன். இ-ரா-கு கா-ல-ம்.

“தாயி, ஓடியா! கார்ப்பரேட்டருக்குள்ள ராகு காலம் உக்காந்திருக்கு!”

காலண்டர் அட்டை, அத்தான். இரண்டு துண்டை அச்சுப் பக்கம் உள்ளே இருக்கும்படி ஒட்டி, வெளியே கிரீஸ் தடவியிருக்கிறீர்கள். சீசனில் நம் ஊர் அச்சகம் ஒவ்வொன்றின் வாசலிலும் குவிகிற கழிவு அட்டை.

முத்துலட்சுமி சிரிக்கவில்லை. “அப்பா வெட்டுனது தப்பா இருக்குமா மாமா?” என்றாள்.

“மெதுவா ஓடுற எஞ்சினுக்குத் தாங்கும் தாயி. இது குதிக்கிற வண்டியில்ல?” என்றேன். வெம்பக்கோட்டைப் பம்புசெட்டைப் பற்றி அப்போது சொல்ல மனம் வரவில்லை.

பஸ் ஏறி விருதுநகர் போய் நல்ல பேக்கிங் ஷீட் வாங்கி வந்தேன். அவள் வெட்டினாள். நான் முறுக்கினேன், இந்தக் கையால்தான். ஞாயிற்றுக்கிழமை முப்பது சுற்று ஓடியது. கோடும் நகரவில்லை, ஸ்க்ரூவும் தளரவில்லை. மறுநாளே மைதானத்துக்காரர் இன்னும் இரண்டு வண்டி அனுப்பிவிட்டார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். என் கையில் பெலன் இல்லை என்று சொன்னீர்களே, அப்போது உங்களுக்கு அந்த அட்டைமேல் சந்தேகம் இருந்ததா? இல்லை, நீங்களும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தீர்களா? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் டப்பாவைத் தூக்கிப்போட அவளுக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை. அதன் மூடியில் ஒரு காகிதம் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘அத்தான் வெட்டியது. வண்டியில் போடக் கூடாது.’ பட்டறையில் நான் எழுதி ஒட்டிய முதல் எழுத்து அது.

இனி இந்தப் பட்டறைக்கு வருகிற கார்ப்பரேட்டர் ஒவ்வொன்றையும் நான்தான் முறுக்குவேன், அத்தான். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கையில் பெலன் உள்ள,
உங்கள் மச்சினன்
மாடசாமி