நிறுத்திய மாத்திரை

அன்புள்ள அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது, கண்டுகொள்ளாதே.

அப்பாவின் மாத்திரைப் பெட்டியில் நான் விளையாடியதால்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது என்று சித்தியிடம் சொன்னாயாமே! ஒரு தடவை அதில் மிட்டாய் வைத்தது உண்மைதான். அது போன வருஷம், அப்பாவே சிரித்தார்.

அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பு, ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். மறுபடி எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளே உனக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, இருதய டாக்டரைக் கேட்டா ஆபரேஷன் டாக்டரைக் கேளுங்கறார். அவரைக் கேட்டா இவரைக் கேளுங்கறார். ரெண்டு பேரும் அப்பாவை வெச்சுப் பந்து விளையாடுறாங்க."

"வாயாடி, இதுலயும் கோமாளித்தனமா? நானே டாக்டர்கிட்ட பேசிக்கறேன். நீ பெட்டியைத் தொடாதே."

தொடவில்லை. பிறந்ததிலிருந்து உன் பேச்சை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நீ யாரிடமும் பேசவில்லை என்பது வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் காலையில் தெரிந்தது. அப்பா பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாயாம். வந்து, சித்தியிடம் சொன்னதை அப்பா முன்னால் சொல். அவருக்குப் பேச்சுதான் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. அன்று நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் உன்னிடம் பேசினேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். நீ போனை வைத்ததும், "அவன் பாத்துக்குவான், விடும்மா" என்றார்.

இப்படிக்கு,
உன் தங்கை