அம்பு அசையவில்லை

மகனே, உன்மேல் ஸலாம்.

இரும்புலியூரில் எல்லோரும் நலம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

போன வாரம் நம் கம்ப்யூட்டரில் யாரும் மவுஸைத் தொடாமலேயே அம்பு நகர்ந்தது. நீ வராத உன் தங்கச்சி நிக்காஹ் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. உன் அத்தாவின் படத்தில் நெடுநேரம் நின்றது. வைரஸ் என்று பயந்து, பல்லாவரத்திலிருந்து மெக்கானிக் டேனியலை வரவழைத்தேன்.

“வைரஸ் இல்லம்மா. தூரத்துலேர்ந்து இத இயக்குறதுக்கு யாரோ சாஃப்ட்வேர் போட்டு வெச்சிருக்காங்க. எடுத்துடட்டுமா?”

அத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய அன்று, நீதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். உன் பெயரையே இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்ற உன் அத்தா, பேப்பரை மடக்காமலே சொன்னார்: “அது பாட்டுக்கு கெடக்கட்டும், விடுப்பா.”

டேனியல் நோண்டியதை நீயும் அங்கிருந்து பார்த்திருப்பாய். அன்றிலிருந்து அம்பு அசையவில்லை. திருட்டுத்தனமாக வரத் தெரிந்தவனுக்கு, பிடிபட்டதும் என்ன வெட்கம்?

கரண்ட் போய் வந்தால் உன் அத்தாதான் ஓடிப்போய் ஆன் செய்கிறார். மவுஸைத் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். என்னையும் தொட விடுவதில்லை.

ஒரு தடவை அசைத்துவிடு.

உன் அம்மா