பிடுங்கச் சொன்ன மஞ்சள் பூ

ரோஸ் ஹில்,
12 செப்டம்பர் 1957

அன்பு மனைவிக்கு,

நீ கேட்ட செடி கிடைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூச்சுத் திணறலுக்கு அந்த இலையில்தான் உன் அம்மா திசான் என்று கஷாயம் காய்ச்சித் தருவார் என்று நீ சொன்னபோது சிரித்தவன் நான். இருந்தாலும் நேற்று பாம்பூ ஊருக்குப் பின்னால் உள்ள மலைச்சரிவில் ஏறினேன். மஞ்சள் பூக்கள் நிறைய இருந்தன. எல்லாம் வெளியிலிருந்து வந்த களை. நம் தீவுச் செடிக்கும் ஏறக்குறைய அதே பூதான். ஆனால் இலையைக் கசக்கினால் பிசின் விரலில் ஒட்டும். ஒன்றுகூட ஒட்டவில்லை.

கூட வந்த எஸ்டேட் ஆள் ரெஜிஸ் ஒரு பாறை ஓரத்தைக் காட்டினான்.

"இங்கதான் இருந்துச்சு, மிஸ்யே. போன வருஷம் களை பார்க்க வந்தப்போ நீங்கதானே பிடுங்கச் சொன்னீங்க? கையில ஒட்டுதுன்னு அப்பவே சொன்னேன். 'படிச்சவன் நானா, நீயா?'ன்னு கேட்டீங்க."

கேட்டேன்தான். அன்று அவசரம். தூரத்திலிருந்தே பூவைப் பார்த்துக் களை என்று பட்டியலில் எழுதினேன். இலையைத் தொடவே இல்லை. இரண்டு வருஷம் செடிகளைப் பற்றித்தான் படித்தேன்.

"மதாமுக்கா?" என்று உன்னைப் பற்றி மட்டும் கேட்டான். பிறகு இருட்டும்வரை என்னோடு தேடினான்.

உன் ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னை வீட்டுக்கே அழைத்துப் போகலாம் என்கிறார். மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. மறுபடி கேட்டேன், என் தோளில் கை வைத்தார்.

வண்டிக்குச் சொல்லிவிட்டேன். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. நீயே சொல்.

உன் கணவன்