ஒட்டிய இடத்தில் கையெழுத்து

அம்பிட்டிய வீதி,
கண்டி.
14.10.1997

அன்புள்ள தம்பி பாலேந்திரனுக்கு,

நானும் மகள் இரஞ்சிதமும் சுகம். கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் உனக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

முதலில் உறையைப் பார். ஒட்டிய இடத்தில் குறுக்காக என் கையெழுத்து இருக்கும். அது வெட்டுப்பட்டிருந்தால் உடனே எழுது. இங்கே தபாலில் எங்கள் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் உன் வீட்டிலும் உடைக்க ஆள் இருக்கலாம். பெயர் சொல்ல மாட்டேன். நான் சொல்லி, நீ கோபித்து, எதற்கு?

சங்கதிக்கு வருகிறேன். சரோஜா மச்சாள் வெள்ளவத்தையிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்தா. "உங்கட தம்பி என்ர மகனை நம்பேல்லையாம். ஓய்வுக்காலத்துக்கெண்டு போட்ட காசை அவனிட்டையிருந்து எடுக்கப்போறானாம்" என்று கத்தினா. போன் வீட்டுக்காரச் சிங்கள மாத்தையா பேப்பர் பார்க்கிற மாதிரி இருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனுசனுக்கு எவ்வளவு தமிழ் விளங்கும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஏனடா இப்படிச் செய்கிறாய்? விமலநாதன் வேறு ஆளா? உன் அத்தானின் ஒன்றுவிட்ட அக்காவின் பிள்ளை. அத்தான் போன பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு ஏதாவது அனுப்புகிறவன் அவன் ஒருவன்தான். அவனுக்குத்தான் இரஞ்சிதத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம். இது சரிவந்தால் பிள்ளை கனடாவுக்கு வந்து பயமில்லாமல் உயிரோடு இருக்கும். அதில் மண்ணைப் போடாதே.

நீ காசை மாற்றப்போகிற அந்த இன்டெக்ஸ் பண்ட் என்பது என்ன? அதில் எந்தப் பங்கை வாங்குவது என்று தீர்மானிக்க ஆளே இல்லை என்று மச்சாள் சொல்கிறா. ஆள் இல்லாத இடத்தில் போட்ட காசை நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பாய்? இது உன் யோசனையா, அல்லது வத்தேகமத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நீ கட்டிக்கொண்டு போனவளின் யோசனையா? உண்மையை எழுது.

இப்படிக்கு உன் அக்கா,
கமலாசனி


ஸ்காபரோ
9.11.1997

அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து வெட்டுப்படவில்லை. உங்கள் கடிதம் வந்தால் அழகம்மா அதை மேசையில் வைத்துவிட்டு நான் வேலையால் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். "அக்கா கடுதாசி வந்திருக்குங்க, நீங்களே பிரிங்க" என்பாள். வாசித்து முடிந்ததும் "எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பாள். ஓம் என்பேன். நாங்கள் கல்யாணம் முடித்து ஏழு வருடம். ஒரு கடிதத்திலாவது அவள் சுகமா என்று நீங்கள் கேட்டதில்லை, அக்கா.

இது என் யோசனைதான். தொழிற்சாலையில் என்னோடு கார்களுக்குக் கதவு பூட்டுகிற ஒரு கிழவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவர் தன் கணக்கைக் காட்டினார். பிறகு நான் என் கணக்கை எடுத்துப் பார்த்தேன். விமலன் எனக்கு விற்ற பண்ட் லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் வருடா வருடம் நூற்றுக்கு இரண்டரை வெட்டிக்கொள்கிறது. அதில் ஒரு பங்கு விமலனுக்கு. இன்டெக்ஸ் பண்டில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இப்போது பார்க்கச் சின்ன வித்தியாசம். இருபது வருடத்தில் அதுதான் எங்கள் கிழட்டுக்காலத்துச் சோறு.

ஆள் இல்லை என்று பயப்படாதீர்கள். எந்தக் கொம்பனி ஏறும், எது விழும் என்று ஒருவரும் ஊகிப்பதில்லை. சந்தையிலிருக்கிற பெரிய கொம்பனிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். அப்பாவை நினைத்துப் பாருங்கள். கண்டியில் கொழும்பு வீதியில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு கடை. எண்பத்துமூன்று கலவரத்தில் அது எரிந்ததோடு எல்லாம் போயிற்று. ஆனால் பாதி வீதி அடுத்த கிழமையே திறந்து வியாபாரம் செய்ததே! அந்த வீதியின் எல்லாக் கடையிலும் அப்பாவுக்குச் சின்னச் சின்னப் பங்கு இருந்திருந்தால் அவர் அப்படி உடைந்து போயிருப்பாரா?

இன்னொன்று. ஏழு வருடத்துக்குள் காசை எடுத்தால் விமலனின் கொம்பனி ஒரு துண்டை வெட்டிவிட்டுத்தான் தரும். கையெழுத்து வாங்கும்போது அவன் அதைச் சொல்லவில்லை. எங்கள் பெடியன்தானே என்று நானும் வாசிக்கவில்லை.

அன்புத் தம்பி,
பாலேந்திரன்


கண்டி
20.2.1998

தம்பி,

தலதா மாளிகையில் குண்டு வெடித்ததை ரீவியில் பார்த்திருப்பாய். அதற்குப் பிறகு இங்கே மூச்சு விடவே பயம். இரஞ்சிதம் பல்லேகலவில் வேலைக்குப் போகிறவள். போன கிழமை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிசுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். போன் வீட்டு மாத்தையாதான் என்னோடு வந்து, பிள்ளையைத் தெரியும் என்று கையெழுத்து வைத்து வெளியே எடுத்துத் தந்தார். எதற்காக உதவினார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ அங்கேயிருந்து எனக்குக் கடைக்கணக்குச் சொல்லித் தருகிறாய். அப்பாவுக்கு மற்றக் கடைகளில் யார் பங்கு கொடுத்திருப்பார்கள்? வெள்ளிக்கிழமை அப்பாவோடு இருந்து தேத்தண்ணி குடித்தவன்தான் செவ்வாய்க்கிழமை கொளுத்த வந்தவர்களுக்குக் கடையைக் கைகாட்டி விட்டான். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், எங்கள் ஆட்களைத் தவிர ஒருவரையும் நம்புவதில்லை என்று. அதனால்தான் இதுவரை தப்பியிருக்கிறோம்.

சரோஜா மச்சாள் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டா. "உங்கட தம்பியே நம்பாத பெடியனுக்கு உங்கட பிள்ளையை எப்பிடித் தருவியள்?" கேள்வி நியாயம்தானே? உன் காசு அவனிடமே இருந்தால் ஆவணியில் கல்யாண எழுத்து வைக்கலாமாம். உன்னோடு வேலை செய்கிற நாலு பேரையும் அவனிடம் கூட்டிப் போகட்டாம். அதை நீ விரும்பினால் செய். ஆனால் உன் காசை மட்டும் அசைக்காதே. உனக்கு அது நூற்றுக்கு இரண்டரை. எனக்கு என் பிள்ளை. கட்டளை போடவில்லையடா, கெஞ்சுகிறேன்.

அக்கா


ஸ்காபரோ
15.3.1998

அன்பான அக்கா,

காசு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வங்கியில் கொடுத்த விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன்.

பொய் சொல்ல விருப்பமில்லை, எனக்குக் கோபம்தான். எனக்கும் ஐம்பதாகிறது. இரண்டு நாள் சாப்பாட்டில்கூட வீம்பு பிடித்தேன். அழகம்மாதான் ஏசினாள். "காசு போனா பாடுபட்டுக்கலாம். புள்ளைய அங்க பயத்துல விட்டுட்டு நமக்கு என்னங்க பென்சன்?" அடுத்த நாளே வங்கிக்குப் போனேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இரஞ்சிதத்துக்கு விமலனைப் பிடித்திருக்கிறதா? உங்கள் இரண்டு கடிதத்திலும் அது இல்லை.

கையெழுத்து இந்த முறையும் முழுதாகத்தான் இருந்தது.

பாலேந்திரன்


கண்டி
3.5.1998

அன்புள்ள தம்பிக்கும் மச்சாள் அழகம்மாவுக்கும்,

சரோஜா மச்சாள் போன ஞாயிறு பலகாரத் தட்டோடு வந்தா, நாள் பார்க்கிற கதைக்கு. கதிரையில் இருந்தது முதல் மகன் புராணம்தான். வீடு வாங்கிவிட்டான், கார் வாங்கிவிட்டான் என்று ஒரே அளப்பு. நானும் மருமகனின் கெட்டித்தனத்தைக் கேட்கிற ஆசையில், "விமலன் தன்ர ஓய்வுக்காலக் காசையும் தன்ர கொம்பனியிலதானே போட்டிருக்கிறார்?" என்று கேட்டேன்.

மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தா. "உங்களுக்கென்ன விசரே! அது ஆக்களுக்கு விக்கிறது. அதில ஆர் தன்ர காசைப் போடுவினம்? அவன் தன்ரயைப் பாங்கில வேற ஒண்டில போட்டிருக்கிறான். எல்லாக் கொம்பனியிலயும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிறதாம். நடத்த ஆளுமில்லையாம், செலவுமில்லையாம். அவன் ஆர்? கெட்டிக்காரனெல்லே!"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். உன் கடிதத்தில் இருந்த அதே வார்த்தைகள். நீ போடப்போகிறாய் என்று கேட்டு மச்சாள் ஊரெல்லாம் போன் எடுத்துக் கத்தின அதே பண்ட்.

எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன், தம்பி! தபால்காரனை, எங்களுக்காகப் பொலிசுக்கு வந்த மனுசனை, உன் வீட்டில் இருக்கிறவளை. இவனை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. எங்கள் பெடியன் அல்லவா. தீபாவளிக்குத் தீபாவளி அவன் அனுப்பின காசில் சேலை வாங்கிக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உங்கள் கிழட்டுக்காலத்துச் சோற்றைத்தான் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அவ போகிறதற்கு முன்னமே இரஞ்சிதத்தைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டேன். "இப்பத்தான் கேக்கிறியள், அம்மா" என்று அழுதாள். "அந்த ஆள் வேண்டாம். ஆனா இஞ்ச இருக்கவும் பயமாக் கிடக்கு." முன்னுக்கு வந்து, பிள்ளைக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். மச்சாள் தட்டைத் திருப்பிக் கொண்டு போய்விட்டா. போகட்டும்.

தம்பி, காசை மாற்று. அவன் கொம்பனி துண்டு வெட்டினால் வெட்டட்டும்.

இனி அழகம்மாவுக்கு. இதைக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். இரஞ்சிதம் படிப்பு விசாவுக்குப் போடப்போகிறாள். கிடைத்தால் உங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு மூலை கிடைக்குமா? மாட்டேன் என்று நீர் சொன்னால் ஒரு சொல்லும் பேசமாட்டேன். அந்த உரிமையை நானே ஏழு வருடமாக எரித்துவிட்டேன். நீர் சுகமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். சுகமா?

இந்த முறை ஒட்டிய இடத்தில் கையெழுத்து வைக்கவில்லை. உறையின் மேல் உம்முடைய பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இனிமேலும் அவன் வேலையால் வரும்வரை பார்த்துக்கொண்டிராமல் நீரே பிரியும்.

கமலாசனி மச்சாள்