பன்னிரண்டு கப்பும் தெரிய வேண்டும்

மோர்பி, குஜராத்
12.8.2008

மணிக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் விஷயம்.

போனில் நீ அரை மணி நேரம் புலம்பியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். லென்ஸின் ஓட்டையைச் சிறிதாக்குகிற எஃப் ரிங்கை இரண்டிலிருந்து பதினாறு வரை எப்படித் திருப்பினாலும் படம் ஒரே மாதிரி வருகிறது. வரிசையாக வைத்த பன்னிரண்டு கப்பில் முதல் கப் மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மாவு கரைத்த மாதிரி. லென்ஸ் கெட்டுவிட்டது என்று தீர்ப்பும் நீயே சொல்லிவிட்டாய். லென்ஸ் கெடவில்லை. உனக்குத்தான் தெரியவில்லை.

பெண்ணாடத்தில் கோதண்டபாணி ஸ்டுடியோவை மூடியபோது நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது பழைய ரஷ்ய லென்ஸ். நான் உன்னிடம் விட்டுவிட்டு வந்த கேமரா டிஜிட்டல். இரண்டையும் சேர்ப்பது நடுவில் இருக்கிற அடாப்டர் வளையம். லென்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், பார். பழைய கேமரா படம் எடுக்கும்போது அந்த ஊசியை அழுத்தும். அழுத்தினால்தான் உள்ளே இருக்கிற இதழ்கள் மூடி ஓட்டை சிறிதாகும். நம் அடாப்டரில் ஊசியை அழுத்த ஒன்றும் இல்லை. அதனால் ஓட்டை எந்நேரமும் ஆவென்று திறந்து கிடக்கிறது. ஓட்டை பெரிதாக இருந்தால் ஒரு கப்தான் தெளியும். சிறிதானால் பன்னிரண்டும் தெளியும்.

லென்ஸின் பக்கத்தில் குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. இப்போது ‘ஏ’யில் இருக்கும். ‘எம்’முக்குத் தள்ளு. ஊசியை அழுத்தாமலே ரிங் திருப்பினபடி இதழ் மூடும். அவ்வளவுதான் வேலை.

இன்னொன்று. அங்கே மழை ஆரம்பித்துவிடும். ஈரத்தில் கண்ணாடிக்குப் பூஞ்சை பிடித்தால் லென்ஸைக் குப்பையில் போட வேண்டியதுதான். தினமும் வேலை முடிந்ததும் சூளைக்கு மேலே அச்சு உலர்த்துகிற தட்டில் வைத்துவிடு. மறுநாள் எடுத்துக்கொள்.

இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். எழுதினால் இருக்கும். நாளைக்கு ‘நீ சொல்லவே இல்லையே’ என்று என்னிடம் வர முடியாது. இனி லென்ஸில் எந்தச் சந்தேகம் வந்தாலும் எழுது.

அம்மாவைப் போய்ப் பார்த்தாயா?

குருமூர்த்தி


விருத்தாசலம்
7.9.2008

அன்புள்ள குருவுக்கு,

மணி எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். திட்டு வாங்கினாலும் விஷயம் கிடைத்துவிட்டது. ‘எம்’முக்குத் தள்ளினேன். பன்னிரண்டு கப்பும், கடைசிக் கப்பின் காது வரைக்கும் தெரிகிறது.

முதலாளி ஆதிநாராயணன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “இது நம்ம சூளையில வெந்த கப்பாடா? ஃபாரின் கப்பு மாதிரில்ல இருக்குது” என்றார். பாண்டிச்சேரியிலிருந்து போட்டோக்காரரை வரவழைக்கிற பேச்சை நிறுத்திவிட்டார். டிசம்பரில் பெங்களூரிலிருந்து வாங்குகிறவர்கள் வருகிறார்கள். அதற்குள் தொண்ணூறு சாமானுக்கும் படம் எடுத்து கேட்லாக் அடிக்க வேண்டும். “நல்லா வந்துச்சுன்னா உன்ன சூளையிலேர்ந்து ஆபீஸுக்கு மாத்திடறேன். போட்டோ, டிசைன் எல்லாம் நீயே பாத்துக்க” என்றார்.

உன்னோடு படித்த சிராமிக் டிப்ளமோவைப் பாதியில் விட்டு சூளையில் சரக்கு அடுக்கப் போய் ஆறு வருஷம் ஆகிறது, குரு. சட்டையில் வெள்ளைத் தூசி இல்லாமல் ஒரு நாளாவது வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சி போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கேஸ் ரெகுலேட்டர் ஒழுகியது, மாற்றிக் கொடுத்தேன். பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டு எழுதச் சொன்னார்கள். “நான் கேட்டா எரிஞ்சு வுழறான்ப்பா, நீ கேளு” என்றார்கள். கேட்டுவிட்டேன்.

மற்றபடி நீ சொன்னதையெல்லாம் ஒரு நாள் தவறாமல் செய்துவருகிறேன்.

உன்
மணி


விருத்தாசலம்
6.11.2008

அன்புள்ள குருவுக்கு,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் உட்கார்ந்து தொண்ணூறு சாமானையும் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் பழைய கதை. முன்னால் இருப்பது மட்டும் தெளிவு, பின்னால் எல்லாம் மாவு. ஸ்விட்ச் ‘எம்’மில்தான் இருக்கிறது, பத்துத் தடவை பார்த்துவிட்டேன். ரிங்கைத் திருப்பினால் இதழ்கள் அசையவே இல்லை. விரலால் தட்டினால் நத்தை மாதிரி ஊர்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், இதழ் மேல் எண்ணெய் மாதிரி மினுமினுக்கிறது.

எல்லோரும் நிற்கும்போது முதலாளி, “கேமராமேன் சார், கப்பு எங்க சார் போச்சு?” என்று கேட்டார். சூளை ஆட்கள் சிரித்தார்கள். இந்த மாதம் முடிய நேரம் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் இல்லை.

உடனே எழுது. திட்டினாலும் சரி.

மணி


மோர்பி
12.11.2008

மணி,

ரிங்கைத் திருப்பும்போது கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தாயா? இதழ் மூடினால் உள்ளே இருட்ட வேண்டும். இருட்டவில்லை என்றால் முதல் படத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். தொண்ணூறு படம் எடுத்துவிட்டு வந்து அழுகிறாய்.

இதழ்கள் எண்ணெய் இல்லாமல் காய்ந்துதான் இருக்க வேண்டும். துளி எண்ணெய் பட்டாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. அது தானாக வந்து உட்காராது. நீ லென்ஸைத் திறந்திருக்கிறாய். ரிங் கொஞ்சம் இறுக்கமாக இருந்திருக்கும், தையல் மிஷின் எண்ணெய் விட்டிருப்பாய். இல்லை என்று சொல்லாதே. லேபில் தராசுக்கு எண்ணெய் விட்டு மொத்த வகுப்பையும் வெளியே நிற்க வைத்த ஆள் நீ.

பின்பக்கத் திருகைக் கழற்றி, இதழ்களை வெள்ளைப் பெட்ரோலில் துடைத்து, காய வைத்துப் பூட்ட வேண்டும். உன்னால் முடியாது. முயற்சி செய்யாதே. தெரிந்தவனிடம் கொடு.

ஒரு ஸ்விட்ச், ஒரு ரிங். இதைக் கூட உன்னால் ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியவில்லை. முதலாளி சொன்னதில் தப்பில்லை. உன் கைக்குச் சூளைதான் சரி.

குருமூர்த்தி


விருத்தாசலம்
8.12.2008

குருமூர்த்திக்கு,

சிதம்பரத்தில் கேமரா ரிப்பேர் பார்க்கிற கோவிந்தசாமியிடம் லென்ஸைக் கொண்டுபோனேன். கண்ணில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“எண்ணெய் யாரும் வுடல தம்பி. திருகு ஒண்ணுலயும் கை படல. சூட்டுல எங்கனா வச்சீங்களா?”

“சூளைக்கு மேல தட்டுல வைப்பேன். ரெண்டு மாசமா, தினமும்.”

“அதான். ஃபோகஸ் ரிங்குல இருக்குற கிரீஸு உருகி இதழுக்கு எறங்கிடுச்சு. யாரு இப்படி வைக்கச் சொன்னது?”

“சிராமிக் படிச்சவரு ஒருத்தரு.”

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துத் தரட்டுமா என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கெடு அன்றைக்கே முடிந்துவிட்டது.

உன் ஆகஸ்ட் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். எழுதினால் இருக்கும் என்றாய். இருந்தது.

பாண்டிச்சேரிக்காரர் வந்து ஒரே நாளில் முடித்துவிட்டார். அவருக்குக் கப்பை வரிசையாக அடுக்கிக் கொடுத்ததும், பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

லென்ஸ், கேமரா, அடாப்டர் மூன்றையும் பார்சலில் அனுப்பிவிட்டேன். உன் அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவேன். அது உனக்காக இல்லை.

எனக்கு இனி லென்ஸில் சந்தேகம் எதுவும் இல்லை.

ம. கொளஞ்சியப்பன் என்கிற மணி


மோர்பி
27.1.2009

மணிக்கு,

நல்லா இருக்கிறாயா?

லென்ஸை நானே திறந்தேன். ஒவ்வொரு இதழாகத் துடைத்துப் பூட்டினேன். இப்போது ரிங்கைத் திருப்பினால் டக்கென்று மூடுகிறது. டிசம்பர் கடைசியில் உனக்கு அனுப்பினேன். ‘பெற்றுக்கொள்ள மறுத்தார்’ என்று எழுதித் திரும்பி வந்திருக்கிறது.

உன் முதலாளிக்கும் ஒரு கடிதம் போட்டேன். தப்பு உன்னுடையது இல்லை, சூளைத் தட்டில் வைக்கச் சொன்னது நான் என்று எழுதினேன். பதில் இல்லை. பொங்கலுக்கு வந்தபோது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போய் அவரையே பார்த்தேன். “படிச்சேன் தம்பி. போட்டோ வேலதான் முடிஞ்சுபோச்சே, இப்ப என்ன அதுக்கு?” என்றார். கேட்டில் வாட்ச்மேன் மாணிக்கவேலிடம் உன்னைக் கூப்பிடச் சொன்னேன். உள்ளே போய்விட்டு வந்து, “சூளையில சரக்கு அடுக்கிட்டிருக்காரு. வர முடியாதாம்” என்றார். ஷிப்ட் முடிகிற வரைக்கும் நின்றேன். நீ பின்பக்க வழியாகப் போயிருக்கிறாய்.

நம் சூளையின் மேல்தட்டு அறுபத்தைந்து டிகிரி. டிப்ளமோ படிக்கும்போது அங்கே பயிற்சிக்கு வந்தபோது நானே அளந்து நோட்டில் எழுதியது. அச்சு எவ்வளவு சூட்டில் உலரும் என்று எனக்குத் தெரியும். கிரீஸ் எவ்வளவில் உருகும் என்று யோசிக்கவில்லை. பூஞ்சைக்குப் பயந்து, என்னவோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி ஒரு வரி எழுதிவிட்டேன். நீ அதை நம்பி இரண்டு மாதம் செய்திருக்கிறாய். நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்காக வேறு யாரும் செய்ததில்லை.

நவம்பர் கடிதத்தில் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. அதுவும் பீரோவில் இருக்கும்.

அம்மாவிடம் நேற்றுப் பேசினேன். “மணி வந்தான், சிலிண்டர் மாட்டிக் கொடுத்தான், டீ குடிச்சான். உன்னப் பத்தி ஒண்ணும் கேக்கலப்பா” என்றாள்.

இது பார்சல் இல்லை, வெறும் இன்லேண்ட் லெட்டர். பிரித்துப் பார்க்கலாம். இதில் உன்னைச் செய்யச் சொல்லி எதுவும் எழுதவில்லை.

குரு