நான்காம் மாடியில் துண்டோடு நின்றவன்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் நலமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

வீடு எப்படி என்று கேட்டிருந்தாய். நகரத்தின் நட்டநடுவில், நான்காவது மாடி. அமைதியான இடம் என்று முன்பு எழுதியிருந்தேன். நான் பார்க்கப் போனது மத்தியானம். கீழே டிரம்ஸ் வகுப்பு இருப்பதும், அது சாயங்காலம்தான் திறக்கும் என்பதும் குடிவந்த பிறகே தெரிந்தது. பரவாயில்லை, இப்போதெல்லாம் வெங்காயம் நறுக்கும்போது எனக்குத் தாளம் தப்புவதில்லை.

சனிக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பினேன். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கட்டடம். அதே செருப்புக் கடையை மூன்றாம் முறை நான் கடந்தபோது கடைக்காரர் வெளியே வந்து, "பிடிச்சிருந்தா உள்ள வந்து போட்டுப் பாருங்க சார், கூச்சப்படாதீங்க" என்றார். வழி தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். கடிக்கிறது.

மறுநாள் சாயங்காலம் நடந்ததை அத்தைக்குப் படித்துக் காட்டாதே. குளிக்கப் போகுமுன் குப்பைப் பையை வெளியே வைக்கலாமென்று துண்டோடு கதவைத் திறந்தேன். காற்று அடித்தது. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். சாவி உள்ளே, நான் வெளியே.

எதிர்வீட்டு நர்ஸம்மா வேலை முடிந்து படியேறி வந்தார். மேலும் கீழும் பார்த்து, "புதுசா வந்திருக்கீங்களா?" என்றார். குப்பைப் பையை மார்போடு அணைத்தபடி ஆமாம் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் மழைக்கோட்டைக் கொடுத்துவிட்டு, பூட்டுக்காரருக்குப் போன் செய்தார். கோட்டு முழுக்க ரோஜாப்பூ.

பூட்டுக்காரர் வரும்வரை ரோஜாப்பூக்களோடு படியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மாடி டெய்லர் நாற்காலி கொண்டுவந்தார். டிரம்ஸ் மாஸ்டர் டீ கொண்டுவந்தார். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "வீட்ல யாரும் இல்லையா?" ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். எப்போது என்று கேட்டார்கள். வாயில் வந்த கிழமையைச் சொன்னேன். நர்ஸம்மா மட்டும், "டெய்லர்கிட்ட வெள்ளிக்கிழமைன்னீங்க, மாஸ்டர்கிட்ட திங்கக்கிழமைங்கறீங்க" என்றார். நான் டீயைக் குடித்தேன். உன் கடைசிக் கடிதத்தில் 'பார்க்கலாம்' என்று மட்டும் எழுதியிருந்தாய். அதை வைத்து நான் எந்தக் கிழமையைச் சொல்வது?

பூட்டுக்காரர் ஒரு தகட்டைச் செருகினார், திறந்துவிட்டது. மாற்றுச் சாவி செய்துகொள்ளச் சொன்னார், செய்துகொண்டேன். "அத எங்க வீட்ல குடுத்து வைங்க, அடுத்த தடவை உதவும்" என்றார் நர்ஸம்மா. நியாயமான பேச்சு. ஆனால் நானோ, "இல்லீங்க, அதுக்கு ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சாவியைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தையையும் அழைத்துக்கொண்டு வா. லிப்ட் இருக்கிறது, சில நாள் ஓடவும் செய்கிறது. உடனே வர முடியாவிட்டால் பாதகமில்லை. சாவியை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே.

என்றும் உன்,
வீட்டுக்காரன்